சாவி எடுத்தாச்சா

சாவி உள்ளதான் தொங்குது. ஸ்டியரிங்குக்கு வலது பக்கம், போட்ட இடத்துல, பித்தளை வேல் கோத்த வளையத்தோட அப்படியே இருக்கு. எனக்கும் அதுக்கும் நடுவுல ஒரு கண்ணாடி. கண்ணு முன்னால தொங்குத சாவியை நான் மடியில தேடுதேன், சட்டைப் பையில தேடுதேன், அர்ச்சனைக் கூடையில தேங்காமூடியைத் தூக்கிப் பாக்கேன், வெத்தலைக்கு அடியில பாக்கேன். கோட்டிக்காரப் பய. நாலு கதவையும் ஒரு சுத்து இழுத்துப் பாத்தாச்சு, ரெண்டாவது சுத்தும் பாத்தாச்சு, முதல்ல திறக்காத கதவு ரெண்டாவது தடவை எனக்காக மனசு மாறித் திறக்கவா போகுது? பூட்டுக் குமிழ் நாலும் அமுங்கிக் கெடக்கு. அமுக்குனது நான்தான். குமிழை அமுக்கி, வெளிப்பிடியைத் தூக்கிப் பிடிச்சிட்டே கதவைச் சாத்துனா சாவி இல்லாமலே பூட்டிக்கிடும், பழைய வண்டி, இதைப் பெரிய சாமர்த்தியம்னு ஒம்பது வருஷமா செஞ்சிட்டு வாரேன். இன்னைக்கும் செஞ்சேன். தார் ரோடு காலைப் பொசுக்குது. செருப்பும் உள்ளதான் கெடக்கு, பெடலுக்குக் கீழ, ஜோடி போட்டு. கோயிலுக்கு வாரவன் எல்லாரும் செய்யற மாதிரி செருப்பை வண்டியிலேயே கழத்திப் போட்டுட்டு வெறுங்காலோட இறங்குனேன். இப்ப இடது காலைத் தூக்கி வலது காலுல, வலது காலைத் தூக்கி இடது காலுல, அறுபத்தேழு வயசுல நடுரோட்டுல ஆடிட்டு நிக்கேன். பக்கத்து சீட்டுல போன் கெடக்கு, சார்ஜர் வயரோட. வாட்சைப் பாக்கேன். பதினொன்னு முப்பத்தி நாலு. பன்னெண்டு மணிக்கு அந்தப் போன் அடிக்கும். உலகு கூப்பிடுவா. என் மக.

சாவி எடுத்தாச்சா? இதை ஒரு ஆள் கேட்டிருந்தா இப்ப இங்க நின்னுட்டு இருக்க மாட்டேன். பேச்சி கேப்பா. வண்டி நின்னு, கதவைத் திறந்து, சேலையை இழுத்துவிட்டு இறங்குனதும் அவ வாயில வார முதல் வார்த்தை அதுதான். கல்யாண வீடா, ஆஸ்பத்திரியா, அவ தம்பி செத்த வீடா, எங்கன இறங்குனாலும் சாவி எடுத்தாச்சா. எனக்கு எரிச்சலா வரும். ஏட்டி, முப்பத்தொரு வருஷம் கவர்மெண்டு பஸ் ஓட்டினவன்ட்ட கேக்குத கேள்வியா இதுன்னு கத்துவேன். பின் சீட்டுல இருந்து உலகு சிரிப்பா, அதனாலதாம்ப்பா அம்மா கேக்கா, பஸ்ஸுக்குத்தான் சாவியே கிடையாதேன்னு. நெசந்தான். நான் ஓட்டின பஸ் எதுக்கும் சாவி கிடையாது, ஒரு சுவிச்சு, அவ்வளவுதான். இறங்கையில எடுக்க வேண்டிய சாமான்னா அது துண்டும் டிபன் தூக்கும்தான். அந்தப் பழக்கம் கைக்கு இன்னமும் போகல. ரிட்டையர் ஆகி இந்தக் காரை வாங்கினதுல இருந்து சாவியை எடுத்தது என் கைதான், ஆனா எடுக்க வச்சது பேச்சி வாய். அவ போயி பதிமூணு மாசம் ஆகுது. இந்தப் பதிமூணு மாசத்துல நான் வண்டியை எடுத்ததே நாலு தடவையோ அஞ்சு தடவையோ, எங்க போக? யார்ட்ட போக? மாத்துச் சாவி ஒண்ணு உண்டு. அது பேச்சியோட கொத்துல, பீரோவுல இருக்கு. பீரோ வீட்டுல இருக்கு. வீடு தென்காசியில இருக்கு. வீட்டுச் சாவி எங்க இருக்குன்னு கேட்டா, அன்னா, அந்தப் பித்தளை வேலுக்குப் பக்கத்துலேயே தொங்குது. நல்லா இருக்குலா? வண்டிக்குள்ளயும் போக முடியாது, வீட்டுக்குள்ளயும் போக முடியாது.

செவ்வாக்கிழமை வடிவு வந்திருந்தா. பேச்சிக்குத் தங்கச்சி. வந்தவ உக்காரக்கூட இல்ல, வாசல் நிலையைப் பிடிச்சிட்டு நின்னே பேசினா. அத்தான், உலகுக்கு ஏழு மாசம் ஆகுதுன்னா. எனக்குத் தெரியாது. யாரு சொல்ல? மாப்பிள்ளை கப்பல்ல வேலைக்குப் போயிருக்காராம், வர ஆறு மாசம் ஆகுமாம், அவருக்கும் தாய் கிடையாதாம். மாப்பிள்ளைன்னு வடிவு சொன்னப்ப நான் பேப்பரை மடிச்சேன், நல்லா ஞாபகம் இருக்கு, நாலா மடிச்சு எட்டா மடிச்சேன். தலைப்பிரசவம் அத்தான், பொறந்த வீட்டுல பாக்கணும்னு அவளுக்கு இருக்காதா, அம்மா இல்லேன்னாலும் அம்மா படுத்த கட்டில் இருக்குல்லான்னு கேக்கா. வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு ஒரு தடவை கூப்பிடுவாளாம். ஒரே தடவை. எடுத்தா எடுக்கட்டும், எடுக்கலேன்னா இனிமே எந்தக் காலத்துலயும் கேக்க மாட்டேன்னு சொல்லச் சொன்னாளாம். வடிவு இதைச் சொல்லிட்டு என் மூஞ்சியையே பாத்துட்டு நின்னா. சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துது? அவ போன பொறவுதான் சரி, சரின்னு நிலைக்கிட்ட நின்னு சொன்னேன், வெறும் நிலைக்கு. அன்னைக்கு ராத்திரியில இருந்து என்ன பேசணும்னு ஒத்திகை. சொல்லும்மா, அப்படி ஆரம்பிப்போம். இல்ல, நல்லா இருக்கியா, அப்படி. இல்ல, அது நாலு வருஷத்துக்குப் பொறவு கேக்குத கேள்வி மாதிரி இல்ல, பஸ் ஸ்டாண்டுல பாத்தவன்ட்ட கேக்க மாதிரி இருக்கு.

இன்னைக்குன்னு பாத்துக் காலையில கரண்டை நிறுத்திட்டான். மாசாந்திரப் பராமரிப்பாம். போன்ல ஒம்பது சதவீதம் நிக்குது. வீட்டுல இருக்க முடியல. பேச்சி செத்து வருஷம் முடியாம கோயில் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு இருந்தாச்சு, வருஷமும் முடிஞ்சாச்சு, முதல்ல போறது பாபநாசமா இருக்கட்டும், உலகம்மை சன்னதிக்குப் போயி உலகு பேருல ஒரு அர்ச்சனை பண்ணிட்டு, வண்டியில உக்காந்து, வண்டி சார்ஜர்ல போனை மாட்டி, நிம்மதியா எடுத்துப் பேசலாம். நல்ல திட்டம். திட்டத்துல ஒரு கொறையும் கிடையாது. இங்க வந்து பாத்தா பதினேழு சதவீதம். பத்தாதே, நடுவுல அணைஞ்சு போச்சுன்னா நான் வச்சிட்டேன்னு நினைப்பாளேன்னு, சாவியை ஒரு திருகு திருகி வச்சேன், அப்பத்தானே சார்ஜ் ஏறும். குரங்கு வந்து பானெட்டு மேல உக்காந்துச்சு. இந்தக் கோயில் குரங்கு போனையும் எடுக்கும், கண்ணாடியையும் எடுக்கும், அதனால நாலு கண்ணாடியையும் ஒரு நூல் இடம் விடாம ஏத்துனேன். எல்லாம் அந்தப் போனுக்காகத்தான், அதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, அது அணையக் கூடாது, அதை யாரும் எடுத்துட்டுப் போகக் கூடாது. பொறவு குமிழை அமுக்கினேன், பிடியைத் தூக்கினேன், சாத்தினேன். அவ்வளவு பத்திரமா ஒரு போனை இந்த உலகத்துல எவனும் வச்சிருக்க மாட்டான்.

உள்ள போனதும் அய்யர் கேட்டாரு, பேரு? நான் கூடையில வெத்தலையை அடுக்கி வைக்கேன். பின்னால ஒரு குடும்பமே நிக்குது, ஒரு பிள்ளை தேங்காயைத் தட்டிட்டு இருக்கு. பேரு சொல்லுங்கோன்னு மறுபடி கேட்டாரு. நாலு வருஷமா நான் அந்தப் பேரை வாயால சொல்லல. பேச்சி அவட்ட பேசுவா, தெரியும், அடுப்படியில தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டுட்டுப் பேசுவா, எனக்குக் கேட்டுறக் கூடாதுன்னு. நானும் கேக்காத மாதிரி டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன். ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் அப்படி நாடகம் போட்டோம். உலகம்மை, சதய நட்சத்திரம்னு சொன்னேன். அம்பாள் பேரான்னு அய்யர் சிரிச்சாரு. ஆமா, அம்பாள் பேருதான், அவ பொறந்தப்ப இதே கோயிலுக்குத் தூக்கிட்டு வந்து வச்ச பேரு. பெரியவளா ஆன பொறவு, இது என்ன பேருப்பா, காலேஜ்ல எல்லாரும் சிரிக்காகன்னு சண்டை போட்டா. மாத்திக்கிடணுமா, மாத்திக்கோன்னேன். மாத்தல. என் பிடிவாதம் அப்படியே அவட்ட இருக்கு. அதனாலதான் பயமா இருக்கு. ஒரு தடவைன்னா ஒரு தடவைதான். திருப்பிக் கூப்பிட்டா எடுக்க மாட்டா. சத்தியமா எடுக்க மாட்டா.

பூக்காரம்மா ஒருத்தி சாக்கை நனைச்சுக் கொண்டாந்து என் காலுக்குக் கீழ போட்டா. ஏன் அண்ணாச்சி, செருப்பை எங்கிட்ட விட்டுட்டுப் போயிருக்கலாம்லான்னு கேட்டா. ஆமா தாயி, செருப்பை உங்கிட்ட விட்டிருக்கலாம், போனைக்கூட விட்டிருக்கலாம், எனக்குத்தான் யாருட்டயும் ஒண்ணையும் குடுத்து வைக்கத் தெரியாதே. ஈரச் சாக்கு குளுகுளுன்னு இருக்கு. அவதான் ஆட்டோக்காரரைக் கூப்பிட்டா. பட்டுராசன்னு பேரு, நாப்பது வயசு இருக்கும், காக்கிச் சட்டை, நிதானமான ஆளு. வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தாரு, கண்ணாடி ரப்பரை விரலால அமுக்கிப் பாத்தாரு. பழைய வண்டிலா, திறந்திரலாம், பார்சல் பொட்டியில கட்டுத பிளாஸ்டிக் நாரு இருந்தாப் போதும்னு சொல்லி, பூக்காரம்மா கடையில இருந்து ஒரு முழம் நாரை வாங்கி, நடுவுல மடிச்சு, ஸ்பூனு காம்பால கதவு ஓரத்தை நெம்பி, அந்தச் சந்துல நாரை உள்ள விடப் பாக்காரு. குமிழுக்குச் சுருக்குப் போட்டு மேல இழுக்கணும். எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டேன். அஞ்சு நிமிஷத்துலயும் ஆகும், அரை மணி நேரமும் ஆகும், சொல்ல முடியாதுங்கிறாரு. பதினொன்னு நாப்பத்தாறு. யாருக்காவது போன் போடணும்னா போடுங்கன்னு தன்னோட போனைத் தந்தாரு. வாங்கிட்டேன். வாங்கி வச்சிட்டு நிக்கேன். யாருக்கு? உலகு நம்பர் எனக்குத் தெரியாது. வடிவு நம்பர் அன்னா அந்தப் போனுக்குள்ள இருக்கு, மனசுல இல்ல. ஒரு காலத்துல டெப்போ நம்பர், டாக்டர் நம்பர், இருபது நம்பர் தலையில இருந்துது, இப்ப ஒண்ணு மட்டும்தான் இருக்கு. என் விரல் அதையே போட்டுருச்சு. நான் போடல, விரல் போட்டுது. காதுல வச்சேன். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லைன்னு ஒரு பொம்பள சொல்லுதா. பேச்சியோட நம்பர். அவ கட்டிலுக்குக் கீழ ரேசன் பையில கெடக்குத போனு. யாரு எடுப்பான்னு நினைச்சுப் போட்டேன்? கிடைக்கலியான்னு பட்டுராசன் கேட்டாரு. கிடைக்கலன்னு சொல்லித் திருப்பிக் குடுத்தேன்.

நாரு உள்ள போகுது, வளைஞ்சு போகுது, குமிழுக்குப் பக்கத்துல போயி நழுவுது. பட்டுராசன் பொறுமையா திரும்ப இழுத்து மடிக்காரு. ஆட்டோ டயருக்கு முட்டுக் குடுத்த கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைச்சிரவா சாமின்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா இந்த வண்டி. ஒம்பது வருஷமா காலையில எழுந்ததும் முதல்ல ஒரு ஈரத்துணி, பொறவு ஒரு காஞ்ச துணி. ஒரு கீறல் கிடையாது. பேச்சி கேப்பா, என்னைய இப்படி ஒரு நாள் துடைச்சுவிட்டிருக்கீகளான்னு. கேலிதான். கேலின்னுதான் நினைச்சேன். பின் கண்ணாடிப் பக்கம் போன பட்டுராசன் நின்னுட்டாரு. சாய்ச்சுப் பாக்காரு. உலகுன்னு போட்டிருக்கே, யாரு அண்ணாச்சின்னாரு. அங்க ஒண்ணும் போடல. போட்டிருந்துது. வண்டி வாங்கின மறுநாளே, ஊர்ல எல்லாரும் பிள்ளைங்க பேரை ஒட்டுத மாதிரி, கடையில குடுத்து மஞ்சள் எழுத்துல வெட்டி ஒட்டினேன். உலகு வீட்டை விட்டுப் போன அன்னைக்கு ராத்திரி பிளேடை எடுத்துட்டுப் போயிச் சுரண்டினேன். உ. ல. கு. மூணு எழுத்தைச் சுரண்ட ஒரு மணி நேரம் ஆச்சு, பெருவிரல் கிழிஞ்சு போச்சு. பேச்சி வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தா. சுரண்டி என்ன? பசை போகல. துடைக்கத் துடைக்க அந்த மூணு எழுத்துல மட்டும் தூசி வந்து ஒட்டிக்கிடும், வெயில் சாய்வா அடிச்சா நல்லாவே வாசிக்கலாம். நாலு வருஷமா தெனமும் காலையில அந்தத் தூசியைத் துடைச்சிட்டு இருக்கேன். என் மகதான்னு பட்டுராசன்ட்ட சொன்னேன். ஓ, எந்த ஊர்ல குடுத்திருக்கீகன்னு கேட்டாரு. நான் எங்க குடுத்தேன். தூத்துக்குடின்னு சொன்னேன்.

எட்வின்னு ஒரு பையன், அப்ப கூட வேலை பாத்தவன், அவனைத்தான் கட்டுவேன்னு நின்னா. வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போறவன். நான் என்ன சொன்னேன்னா, போறதுன்னா போ, இந்த வாசப்படியில இனிமே கால் வைக்காதேன்னேன். அவ்வளவு கோவத்துல சொன்ன வார்த்தையை மனுசன் ரெண்டு நாள்ல மறந்திருவான். அவ மறக்கல. நான் சொன்ன ஒரு சொல்லுக்கு அவ கட்டுப்பட்டு நடந்தது என் ஆயுசுல அந்த ஒரு தடவைதான், சவம் அதையா பிடிச்சுக்கிடணும்? முதல் வருஷம் கூப்பிட்டா. பதினேழு தடவை. எண்ணிட்டுத்தானே இருந்தேன். போனை மேசை மேல வச்சிட்டு எதுத்தாப்புல உக்காந்திருப்பேன், அது அதிர்ந்து அதிர்ந்து மேசை ஓரத்துக்கு நகர்ந்து வரும், விழப் போகையில கையை வச்சு நிறுத்துவேன், எடுக்க மாட்டேன். அடிச்சு ஓயுத வரைக்கும் பாத்துட்டே இருப்பேன். இன்னைக்கு வேற ஒண்ணும் இல்ல, அதையேதான் பாக்கப் போறேன். அன்னைக்கு எடுக்க மனசு இல்ல, இன்னைக்கு எடுக்க வழி இல்ல.

பேச்சியைக் கிடத்தியிருந்த அன்னைக்கும் இதே வெயிலு. ஆனி மாசம். உலகு பதினோரு மணிக்கு வந்தா. கூட அந்தப் பையன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், லைட் கம்பத்துக்கிட்ட வந்து நின்னுட்டா. வாசல்ல நாற்பது பேரு, பந்தல், நாற்காலி, தண்ணிப் பானை. பத்து அடி. அந்தப் பத்து அடியை அவ தாண்டல. செருப்பைக் கழத்திக் கையில வச்சிருந்தா. ஏன் கழத்தினா, தெரியல, துக்க வீட்டுக்கு வந்த பழக்கம். காலை மாத்தி மாத்தி வச்சிட்டு நின்னா. இப்ப நான் நிக்கேனே, இப்படித்தான். எனக்கு ஈரச் சாக்குப் போட ஒரு பூக்காரம்மா இருக்கா, அவளுக்கு யாரு போட்டா? வடிவு என் காதுக்கிட்ட வந்து, அத்தான், வான்னு ஒரு வார்த்தை, பெத்த தாயி மூஞ்சியைப் பாக்கட்டும்னு அழுதா. ஊரே என் வாயைப் பாக்குது. நான் கூரைத் தகரத்தைப் பாத்துட்டு இருந்தேன். வான்னு சொல்ல என்ன செலவு? சொல்லிருவோம், இப்ப சொல்லிருவோம், இந்த ஆளு போகட்டும், அந்த மாலை விழட்டும்னு நாலு மணி ஆயிருச்சு. பாடையைத் தூக்கியாச்சு. அவ ஒரு பச்சைச் சேலை கொண்டாந்திருந்தா, பெத்த மக கடைசியாப் போடுத கோடித் துணி. வடிவுட்ட குடுத்துவிட்டா, வடிவு ஒண்ணும் சொல்லாம மத்தச் சேலையோட சேத்துப் போட்டா. எனக்குத் தெரிஞ்சுது. எடுக்கல. அதை மட்டும் எடுக்கல. எட்டணா நல்லவன் நான்.

கோயில்ல உச்சிக்கால மணி அடிக்கான். பன்னெண்டு. போன் இருட்டாக் கெடக்கு. பட்டுராசன் சுருக்கைக் குமிழு மேல போட்டுட்டாரு, மெதுவா இழுக்காரு, நழுவிருச்சு. பன்னெண்டு ஒண்ணு. அவ சொன்ன நேரத்துக்கு எதுவும் செஞ்சதில்ல, பள்ளிக்கூட வேனே வாசல்ல நின்னு ஆரன் அடிக்கும். பன்னெண்டு ரெண்டு. இல்ல, நான் உள்ள அய்யர்ட்ட பேரு சொல்லிட்டு நின்ன நேரத்துலேயே கூப்பிட்டிருப்பாளோ, அடிச்சு ஓஞ்சிருக்குமோ, அது தெரியாம நான் இங்க காவல் காக்கேனோ. பன்னெண்டு மூணு. மனசு மாறியிருக்கும். வேண்டாம்னு வச்சிருப்பா. வயித்துப் பிள்ளையோட இந்தக் கட்டைக்கிட்டப் போயிக் கெஞ்சணுமான்னு நினைச்சிருப்பா, நினைச்சா தப்பே இல்ல. தங்கம் மாதிரி ஒரு ஆஸ்பத்திரி தூத்துக்குடியில இருக்காதா? அந்தப் பழைய வீட்டுல என்ன இருக்கு, ஒரு கிழவனும் ஒரு வெறுங்கட்டிலும். பட்டுராசன் வேர்வையைத் துடைக்காரு, பூக்காரம்மா குடையைக் கொண்டாந்து எனக்குப் பிடிக்கா. பன்னெண்டு அஞ்சு. அம்மா உலகம்மை, அந்தப் போனு அடிக்கவே வேண்டாம், இவரு திறக்குத வரைக்கும் அடிக்க வேண்டாம்னு வேண்டினேன். அடுத்த நொடி, அடிக்காம போயிராதேன்னு வேண்டினேன்.

வெளிச்சம் வந்துது. சத்தம் கொஞ்சமாத்தான் கேக்குது, கண்ணாடிக்கு உள்ள, தண்ணிக்குள்ள இருந்து கேக்க மாதிரி. சீட்டு மேல போன் அதிருது, அதிர்ந்து மெல்லத் திரும்புது, என்னைப் பாத்துத் திரும்புது. தெரியாத நம்பர், பழசை மாத்தியிருப்பா போல. கடைசியில நாலு ரெண்டு. பட்டுராசன் சுருக்கைப் போட்டுட்டாரு, இன்னா அண்ணாச்சி, மாட்டிக்கிட்டு, ரெண்டே நிமிஷம்ங்கிறாரு. ரெண்டு நிமிஷம். ஒரு போனு எவ்வளவு நேரம் அடிக்கும்னு எனக்குத் தெரியாதா, பதினேழு தடவை உக்காந்து பாத்தவன். முப்பது செகண்டு. நான் ஆட்டோவுக்குப் பின்னால போயி டயருக்கு முட்டுக் குடுத்திருந்த கல்லை உருவிட்டேன். பட்டுராசன், அண்ணாச்சி அண்ணாச்சி, உடைச்சிராதீங்க, வந்திருச்சுன்னு கையைப் பிடிக்காரு. தள்ளுங்கன்னேன். முதல் அடிக்குக் கல்லு தெறிச்சு வந்துது, போன் கெடக்குத பக்கத்துக் கண்ணாடியில ஒரு வெள்ளைப் புள்ளி. போனு இன்னமும் அடிக்குது. ஒம்பது வருஷமா துடைச்ச கண்ணாடி, எவ்வளவு உறுதியா இருக்கு பாரு. ரெண்டாவது அடிக்கு மொத்தமா கற்கண்டு மாதிரி பொலபொலன்னு சீட்டுல கொட்டிருச்சு. கையை விட்டேன். எதுவோ கீறுச்சு. போனு கையில வந்துருச்சு, இன்னமும் அதிருது, பெருவிரல் ரத்தத்துல வழுக்குது, ஒரு தடவை தேய்க்கேன், எடுக்கல, வேட்டியில துடைச்சுத் தேய்க்கேன்.

எப்பான்னா உலகு. நாலு வருஷம். நான் ஒத்திகை பாத்த எதுவும் வரல, சொல்லும்மாவும் வரல, நல்லா இருக்கியாவும் வரல. மூச்சு வாங்குது. எங்கயோ காக்கா கத்துது, அவ பக்கமா என் பக்கமான்னு தெரியல. பொறவு, என்ன சத்தம் அது, எங்க இருக்கீங்கன்னு கேட்டா. பாபநாசத்துல, கோயில்லன்னேன். வண்டியைப் பூட்டிட்டேன், சாவி உள்ள மாட்டிக்கிட்டு, போனும் உள்ள மாட்டிக்கிட்டு, கண்ணாடியை உடைச்சுத்தான் எடுத்தேன்னு ஒரே மூச்சுல சொன்னேன், ஹெட்மாஸ்டர்ட்ட சொல்லுத பையன் மாதிரி. நீங்க தெனமும் துடைக்குத கண்ணாடியையான்னு கேட்டா. ஆமான்னேன். வச்சிட்டாளோன்னு பாத்தேன், நொடி ஓடிட்டுத்தான் இருக்கு. அப்ப செருப்புன்னா. அதுவும் உள்ளதான்னேன். அதுக்குத்தான் அவ குரல் உடைஞ்சுது.

"வெயில்ல நிக்காதீங்கப்பா. கால் வெந்துரும். உள்ள போயி உக்காருங்க."

லைட் கம்பம். பதினோரு மணியில இருந்து நாலு மணி வரைக்கும். கையில செருப்பு. நான் சொல்ல வேண்டிய வார்த்தையை அவ எனக்குச் சொல்லுதா, ஏழு மாசத்து வயித்தோட. எனக்குப் பொங்கிப் பொங்கி வருது, பூக்காரம்மா குடையோட அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா, நல்ல பொம்பள. தகரத்தைப் பாக்காம, தார் ரோட்டைப் பாக்காம, அந்தக் கண்ணாடி இல்லாத ஓட்டையைப் பாத்துட்டே சொன்னேன்.

"நீ வாட்டி. இப்பமே வண்டியை எடுக்கேன், சாயங்காலத்துக்குள்ள அங்க வந்திருவேன். வீட்டுச் சாவியும் இதுலதான் கெடக்கு. சேந்தே உள்ள போவோம்."

அழுதா. நல்லா அழுதா, நான் கேட்டுட்டே நின்னேன், கால் பொசுக்குனது இப்பத் தெரியல. பட்டுராசன் உடைஞ்ச கண்ணாடி வழியாக் கையை விட்டுக் கதவைத் திறந்து, துணியால சீட்டைத் தட்டிவிட்டுட்டு இருந்தாரு. பொறவு மூக்கை உறிஞ்சினா, தொண்டையைச் செருமினா. அவ குரல் எப்பமும் என் குரல்னுதான் எல்லாரும் சொல்லுவாக, ஆனா இப்ப அதுல பேச்சி இருந்தா.

"சாவி எடுத்தாச்சா?"

குனிஞ்சு, கண்ணாடித் தூள் மேல கையை ஊனி, அந்தப் பக்கம் வரைக்கும் எட்டி, சாவியைத் திருகி உருவினேன்.

எடுத்தாச்சுன்னேன்.